ஆறாவது லேனுக்கு வராத சத்தம்

துப்பாக்கியிலிருந்து புகை வந்து சத்தம் வராமல் போன அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை, நான் வெள்ளூரணி நகராட்சி மைதானத்தில், முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த படிப்பலகையில், கையில் சாவி கொடுக்கிற பழைய ஸ்டாப்வாட்சோடு, இந்த ஓட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போய் இட்லிக்கு அரைத்துவிடலாம் என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். நான் கணக்கு டீச்சர். பெயர் ஆவுடைத்தாய். மாவட்ட விளையாட்டுப் போட்டி என்று வந்தால் எந்தப் பள்ளியில் எந்த டீச்சர் வாயில்லாப் பூச்சியோ அவளைப் பிடித்து டைம்கீப்பர் பலகையில் உட்கார்த்திவிடுவார்கள், விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். பெண்கள் நானூறு மீட்டர், ஆறு லேன், ஆறு பெண்கள், ஆளுக்கொரு டைம்கீப்பர். ஆறாவது லேன் என் தலையில் விழுந்தது.

டைம்கீப்பர் வேலையில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. சத்தத்தைக் கேட்டு வாட்சை அமுக்கக் கூடாது, புகையைப் பார்த்து அமுக்க வேண்டும், ஏனென்றால் புகை உடனே கண்ணில் படும், சத்தம் நடந்துதான் வரும். இதை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளூரணி பட்டாசு ஊர். இங்கே சத்தத்துக்குத்தான் மதிப்பு, சத்தத்துக்குத்தான் லேபிள், சத்தத்தை வைத்துத்தான் ஒருவன் நல்ல வேலைக்காரனா சொதப்பலா என்று சொல்வார்கள். புகையை யாரும் ஒரு சரக்காக எண்ணுவதில்லை. அது வரும், போகும், கண்ணைக் கசக்கிக்கொள்வோம்.

ஆறாவது லேனில் இருந்தவள் சண்முகக்கனி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அப்பா இல்லை, அம்மா லிங்கம்மாள் ஆலையில் வெடிக்குத் திரி செருகுகிறவள். கனி முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டி, அங்கே யார் கண்ணிலாவது பட்டால் வெளியூரில் விளையாட்டு விடுதி, சாப்பாடு, கல்லூரி. வராவிட்டால் தீபாவளி கழித்து ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகை. அந்த மணைப்பலகையைக்கூட வாங்கி வைத்தாயிற்று, வீட்டில் அதன்மேல் இப்போதைக்குத் தண்ணீர்ப் பானை இருந்தது.

ஓடுவதற்கு முன்னால் கனிக்கு வரும் பயம் மைதானத்துக்கே தெரிந்த பயம். மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடுவாள், உள்ளங்கை ஐஸ் போலாகிவிடும், தண்ணீர் குடித்தால் தொண்டைக்கு மேலேயே நிற்கும், யாராவது நல்லா ஓடு என்று சொன்னால் அழுதுவிடுவாள். அதற்கு அவளே ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். பதினேழாம் வாய்ப்பாடு. இருக்கிற வாய்ப்பாட்டிலேயே வழுக்குகிற வாய்ப்பாடு அதுதான், அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவளுக்குப் பயப்படக் கை ஒழியாது. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் விரல்களை ஊன்றி, தலையைத் தொங்கவிட்டு, "பதினேழெட்டு நூத்தி முப்பத்தாறு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், ஸ்டார்ட்டர் ஞானதுரை சார் "செட்" என்றதும் இடுப்பை உயர்த்தினாள். ஞானதுரை சார் விசையை அழுத்தினார். வெள்ளையாகப் புகை வந்தது. ஆறு டைம்கீப்பர்களும் ஆறு வாட்சை அமுக்கினோம். யாரும் ஓடவில்லை.

குனிந்திருப்பவளுக்குப் புகை தெரியாது. அவள் காதை மட்டும்தான் நம்பி இருக்கிறாள். அதிலும் ஆறாவது லேன் என்றால் வளைவில் எல்லோருக்கும் முன்னால் தள்ளி இருக்கும், துப்பாக்கி முதுகுக்குப் பின்னால், சத்தம் கடைசியாகத்தான் அங்கே போய்ச் சேரும். கனி முதலில் அதைத்தான் நினைத்தாள், மற்றவர்களுக்கு வந்திருக்கும், எனக்கு இன்னும் வரவில்லை என்று.

கூட்டத்திலிருந்து ஆலை போர்மேன் கருத்தபாண்டி அண்ணாச்சி இறங்கி வந்து, துப்பாக்கியை வாங்கி மோந்து பார்த்து, உள்ளே இருந்த வெடிக்கேப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சத்தம் இருக்கு சார். ஈரம் பட்டிருக்கு. வெயில்ல காஞ்சா தன்னால வரும்."

"எத்தன நாளாகும்?"

"அது சரக்கைப் பொறுத்து."

இதில் வியப்பதற்கு எங்கள் ஊரில் எதுவும் இல்லை. போன வருஷம் அமுங்கிய வெடி இந்த வருஷம் வெடித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். போட்டி நடத்துகிறவர்கள் எல்லோரும் ஞானதுரை சாரின் மேசையைச் சுற்றி நின்றோம். இன்னொரு தரம் சுட்டால் என்ன என்று ஒருவர் கேட்டதும், அவர் முகம் வெளிறியது. இரண்டாவது வேட்டு என்றால் ஓட்டத்தைத் திருப்பி அழைப்பது என்று அர்த்தம், ஓட்டமே ரத்து என்றாகிவிடும், வாட்சு ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த விதியில் ரத்து செய்வது என்று அவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சத்தம் வருகிறவரைக்கும் காத்திருப்பது என்று முடிவாயிற்று. அதுவரை கோட்டிலிருந்து கையை எடுக்கிற பெண் தவறான புறப்பாடு, சிவப்பு அட்டை, வெளியே. "டீச்சர், வாட்சை விட்டுக் கட்டைவிரலை எடுத்துராதீங்க" என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் லேன் பெண் அன்றைக்கே எழுந்தாள், அவள் ஊருக்குப் பஸ் ஐந்தரையோடு சரி. இரண்டாம் லேன் பெண்ணுக்குக் காலாண்டுத் தேர்வு. மூன்றாவதின் கால் மரத்துப்போய்ச் சரிந்தாள். நான்காவதை அவள் மாமா வந்து, பிள்ளையைத் தூக்குவதைப்போலத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்தாம் லேனில் இருந்தவள் ஜெசிந்தா, மூன்று வருஷமாக முதல் பரிசு வாங்கியவள், அவள் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"கனி, நீ எந்திரிக்கப் போறியா?"

"இல்லக்கா."

"பயமா இல்லியா ஒனக்கு?"

"பயமாத்தாங்க்கா இருக்கு. எந்திரிச்சா இன்னும் பயமாயிரும்."

ஜெசிந்தா எழுந்து, முதுகை நிமிர்த்த முடியாமல் கொஞ்ச நேரம் நின்று, சிவப்பு அட்டையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, கனியின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். போகும்போது அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அவள் டைம்கீப்பருக்கு வாட்சு நின்றுவிட்டதே.

ஊர் கனிக்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் கீற்றுப் பந்தல் போட்டார்கள், இரண்டாம் வாரம் பந்தலுக்கு ஒரு டியூப்லைட் கட்டினார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆறாவது லேன் வந்ததும் தன்னால் ஒதுங்கி வளைந்து போனார்கள், அப்படி வளைந்து வளைந்து புல்லில் ஒரு தனிப்பாதையே விழுந்துவிட்டது. லிங்கம்மாள் ஆலைக்குப் போகும்போதும் வரும்போதும், வெள்ளி மருந்து ஒட்டிய விரலைக் கழுவிக்கொண்டு வந்து சோறு ஊட்டினாள். அவசரம் என்றால் நாலு பெண்கள் சேலையை நாலு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள், அதற்குமேல் அதைப்பற்றிக் கேட்கக் கூடாது. குளிப்பாட்டுவதும் தலை சீவுவதும் அப்படித்தான். நகராட்சி தீபாவளிக் கடைகளுக்கு மைதானத்தை ஏலம் விட்டபோது, எதிர்ப்பக்கம் கடைகள் ஆறாவது லேனை அடைத்துக்கொண்டு முளைத்தன, சத்தம் வந்தால் கடையை எடுத்துவிடுகிறோம் என்று கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

பயத்துக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மூச்சை வயிற்றுக்கு இழு என்றார் ஒருவர், மூச்சை நினைக்கவே நினைக்காதே என்றார் அடுத்தவர், கருப்பட்டியை நாக்கடியில் ஒதுக்கிக்கொள், குலசாமி மண்ணை நெற்றியில் வை, தோற்றால் என்ன தலையா போய்விடும் என்று நினைத்துக்கொள். எல்லாம் நல்ல யோசனைதான். பந்தயத்துக்கு முந்தின நொடியில் வயிற்றில் புளி கரைவது யாருக்கும் உள்ளதுதான், ஆனால் அவர்களுக்கெல்லாம் அது ஒரு நொடி. இவளுக்கு அந்த நொடி விடிந்தது, வெயிலேறியது, இருட்டியது, மறுபடி விடிந்தது. ஊரில் நாள் தவறாமல் ஆலைகளில் வெடி சோதிப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கனியின் தொடை துடித்து, அது தன் சத்தம் இல்லை என்று தெரிந்து அடங்கும். சத்தங்களுக்கு நடுவில் தன் ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பது என்ன கொடுமை என்று, அவளுக்குப் பின்னால் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு, ஒரு கையால் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலை வாட்சில் வைத்தபடி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அந்தக் கையோடுதான் நான் வகுப்புக்குப் போனேன், அந்தக் கையோடுதான் தூங்கினேன், காலையும் மாலையும் மறு கையால் வாட்சுக்குச் சாவி கொடுத்தேன். ஒற்றைக் கையால் என் வீட்டுக்காரருக்கு நான் தோசை ஊற்றியதைப் பார்த்தும் அந்த மனுஷர் ஒரு நாள் கரண்டியைக் கையில் வாங்கவில்லை, அது வேறு கதை.

பதினேழாம் வாய்ப்பாடு நூற்றைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்காவது தப்பினால் நான் தொண்டையைச் செருமுவேன். கனி திருத்திக்கொள்வாள். பேசக் கூடாது.

பேசக் கூடாது என்பதை ஒன்பதாம் நாள் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஞானதுரை சாரின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்தேன், கணக்கு டீச்சருக்கு எதையும் வரி வரியாகப் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. துப்பாக்கி சுடப்படுவதற்கு முன் புறப்பட்டால்தான் தவறு என்று அதில் இருந்தது. சத்தத்தைப்பற்றி ஒரு வரி இல்லை. நான் அவரிடம் ஓடினேன்.

"சார், சுட்டாச்சுல்ல? பொக வந்துச்சுல்ல? அப்ப அவ எப்ப வேணும்னாலும் ஓடலாம்ல?"

அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டு, "டைம்கீப்பர் ஓடுற பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது டீச்சர். சொன்னா வெளியுதவி. ஒங்க வார்த்தையாலயே அந்தப் பிள்ளய வெளியேத்திருவாங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"முப்பது வருஷ சர்வீஸ் டீச்சர். சத்தமில்லாத வேட்டு போட்டவன்னு நானே எப்படிச் சொல்வேன்?"

அவர் சொல்லவில்லை. ஊராருக்கோ, புகையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, சத்தம் வரல தாயி, சத்தம் வரல தாயி என்றுதான் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள், அவளும் இன்னும் சுடவில்லை என்றே எடுத்துக்கொண்டாள். நான் விதியைக் காரணம் காட்டி வாயை மூடிக்கொண்டேன். உண்மையில் எனக்கு விதிமேல் அவ்வளவு பக்தி கிடையாது. என் ஒரு சொல்லால் ஒருத்தியின் வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும் என்பதுதான் பயம். அந்தப் பயத்துக்கு நான் இருபத்தைந்து நாள் சோறு போட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் கனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. லேபிள் அச்சகம் வைத்திருக்கிற குடும்பம், ஒரே பையன். பையனின் அம்மா பந்தலுக்குள் வந்து, கனியை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்துவிட்டு, லிங்கம்மாளிடம் மனம் நிறைந்து சொன்னாள்.

"ஒரு மாசமா வச்ச எடத்த விட்டு அசையலையே! நிமிந்து ஒருத்தர் மொகத்தப் பாக்கலையே! இந்தக் காலத்துல இப்படிப் பிள்ள எங்க மதினி கெடைக்கும்?"

மாநிலப் போட்டிக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் ஐப்பசி இரண்டாம் வெள்ளி. பூ வைக்கவும் அதே வெள்ளியைக் குறித்தார்கள், அன்றைக்கு நல்ல நேரம் பத்தரைக்கு. நான் லிங்கம்மாளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், ஏன் இந்த அவசரம் என்று.

"நானும் பாத்துட்டேன் டீச்சர். அந்தச் சத்தம் நம்மள மாதிரி ஆளுகளுக்கு வாரதில்ல. எத்தன நாளைக்குக் குனிஞ்சே கெடப்பா? கல்யாணமாச்சுன்னா அவுக வீட்டுல போயாவது நிமிருவால்ல?"

கல்யாணமாகி நிமிர்ந்த ஒருத்தியை எனக்குத் தெரியாது என்று சொல்ல வந்து, திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கட்டைவிரல் வாட்சின் மேல் மரக்கட்டையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறாவது லேனில் ஜமுக்காளம் விரித்தார்கள். தாம்பாளம், தேங்காய், பழம், மல்லிகை. பையன் வெட்கப்பட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான், நல்ல பையனாகத்தான் தெரிந்தான். கனி சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். "பதினேழு ரெண்டாயிரம் முப்பத்து நாலாயிரம்" என்றது அவள் குரல். வாய்ப்பாடு நடுங்கியது. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு கோட்டின்மேல் விழுந்து சுண்ணாம்பு கரைந்தது. அது வியர்வை என்று பையனின் அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைப் பிரியமாகத் துடைத்துவிட்டாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, ஜமுக்காளத்தை மிதித்து, தாம்பாளத்தைத் தாண்டி, முப்பத்து நாலு நாளில் முதல்முறையாகக் கனிக்கு முன்னால் போனேன். இத்தனை நாளும் நான் அவளுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறேன், அவள் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, தொண்டைச் செருமலாகத்தான் என்னைத் தெரியும். என் உள்ளங்கை ஐஸாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, என் கையை நீட்டி, வாட்சை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

முள் ஓடிக்கொண்டிருந்தது.

கனி பார்த்தாள். வாய்ப்பாடு நின்றது. முள் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவரைக்கும் அவள் கண்ணிமைக்கவில்லை. மைதானத்தில் வளர்ந்தவள், டைம்கீப்பர் எதைப் பார்த்து வாட்சை அமுக்குவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"எப்பயிருந்து டீச்சர்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. ஆனால் அழுகையைத் தடுக்கிற விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஐயோ, பயமா இருக்கே" என்று சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள், சொல்லிக்கொண்டே புறப்பட்டாள்.

தாம்பாளம் ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம். மல்லிகை பையனின் அம்மா கையிலேயே நின்றது. ஞானதுரை சார் மேசையிலிருந்து துள்ளி எழுந்தார், அவர் கை சிவப்பு அட்டை இருக்கிற பைக்குப் போனதைப் பார்த்தேன். ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை, முடிவுக்கோடு எனக்குப் பின்னால் நாற்பது மீட்டரில் இருந்தது, அவள் சுற்றி வருவதற்குள் டைம்கீப்பர் அங்கே இருந்தாக வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடினேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஓடினேன்.

எதிர்ப்பக்கம் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்ததை மறக்காமல் பெட்டிகளை அள்ளினார்கள், பெஞ்சை இழுத்தார்கள், ஒருவன் கல்லாவோடு தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் விலகிய இடைவெளியில், கோட்டை மிதிக்காமல், ஆறாவது லேனில் மட்டும் கனி வந்தாள். முதல் வளைவில் அவள் முதுகு பாதிதான் நிமிர்ந்திருந்தது. கடைகளைத் தாண்டும்போது தோள் விரிந்தது. கடைசி நேர்கோட்டில் அவள் யார் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. லிங்கம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கனி கோட்டைக் கடந்தாள். நான் கட்டைவிரலை அமுக்கினேன், மூட்டில் சொடக்கென்றது.

ஞானதுரை சார் வந்தார். பையிலிருந்து கையை எடுத்தார், கையில் அட்டை இல்லை, பேனா இருந்தது. வாட்சை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கனியைப் பார்த்தார். "சுட்டது நான். பொக வந்தது உண்மை" என்று, யாரும் கேட்காமலே, முப்பது வருஷ சர்வீஸையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு சொன்னார். முடிவுத்தாளில் முதலிடம் என்று எழுதி, நேரம் என்ற கட்டத்தில் முப்பத்து நாலு நாள் என்று தொடங்கி, கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனார். மாநிலத்துக்குப் பெயர் அனுப்ப இன்னும் அரைநாள் இருந்தது.

கனி இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். லிங்கம்மாள் அவள் கிட்டே போனாள், முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கை எட்டவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரில் எல்லோரும் அவளைக் கீழே பார்த்துத்தான் பேசியிருக்கிறோம். லிங்கம்மாள் குதிகாலை உயர்த்தி, தலையை அண்ணாந்து பார்த்தாள்.

"இம்புட்டு ஒசரமாடி நீ?" என்றாள்.

அப்போதுதான் சத்தம் வந்தது. பெரிய சத்தமொன்றுமில்லை, எங்கள் ஊர் ஓலைவெடியைவிடச் சின்னது, வளைவைத் தாண்டி ஆறாவது லேனில், விரித்த ஜமுக்காளத்துக்கு மேலே, ஆளில்லாத இடத்தில் கேட்டது. மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கருத்தபாண்டி அண்ணாச்சி, "காஞ்சா வரும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று பக்கத்திலிருந்தவன் முதுகில் தட்டினார்.

கனி மட்டும் திரும்பவில்லை. அம்மாவின் கை எட்டுவதற்காகக் கொஞ்சம் குனிந்தாள், முகத்தைத் துடைத்து முடித்ததும் நிமிர்ந்துகொண்டாள்.